ஆறாவது வரிசை

நரின் நகரக் கால்பந்து மைதானத்தில் புதுத் தெளிப்பான்களை முதன்முறையாகத் திறந்தார்கள். ஐந்து வரிசைகள் சீறின. ஆறாவது மட்டும் மூக்கால் அழுதது.

"ஏம்மா பெகிமாய், மூணு மணிக்கு ஆளுநர் வர்றார். குழாய் பதிச்ச லட்சணமா இது?" என்றார் மைதான இயக்குநர் சகின்பெக்.

"பம்ப் நல்லாத்தான் இருக்குங்க ஐயா. குழாய்க்குள்ள ஏதோ அடைச்சிருக்கு."

"அடைச்சவனை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புறேன். ஆள் சிக்கலேன்னா நீ கிளம்பு."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

பெகிமாய் வரிசைக் கடைசியில் மூடியைக் கழற்றினாள். சேற்றுநீரோடு ஒரு வெள்ளைக் கல்பாக் தொப்பி வந்து விழுந்தது. உள்ளே தங்க நூலில் பெயர்: சகின்பெக்.

"திருடு போன என் தொப்பியாச்சே இது."

"திருடு போகலீங்க. வேலை தொடக்க விழாவுல முதல் மண்ணு வெட்டுறப்ப, கல்பாக்கைத் தரையில வைக்கக் கூடாதுன்னு நீங்கதான் பக்கத்துல கிடந்த இந்தக் குழாய் வாயில செருகினீங்க. அப்படியே ஆட்டுக்கறி விருந்துக்குப் போயிட்டீங்க."

மூடியைத் திரும்பப் பூட்டியதும் ஆறாவது வரிசை ஆளுயரத்துக்குச் சீறியது.

பெகிமாய் தொப்பியைப் பிழிந்து நீட்டினாள்.

"ஐயா, அடைச்சவரை இப்பவே வீட்டுக்கு அனுப்பணுமா, இல்ல ஆளுநர் வந்துட்டுப் போனப்புறமா?"