பதினொன்று பத்துக்குப் பிறகு

“பதினொண்ணு பத்துக்குக் கொதி வந்திருக்கு. அதுக்கப்புறம் நோட்டுல ஒண்ணுமே எழுதல. ஏன் டெஸ்?”

கோரல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பர்னி ஊரில் இருக்கும் அக்கா பெரில் வீட்டுக்கென்று வியாழக்கிழமை கிளம்பியவள், சனிக்கிழமை சாயங்காலம் இப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். கணவன் வீட்டிலேயே பீர் காய்ச்சும் கணக்கு எழுதிவைக்கும் நோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

“கண்ணாடி எங்க?” என்றான் டெஸ்.

“பெரில் வீட்டுல மறந்துட்டேன். பேச்ச மாத்தாத. அடுப்பு ஏன் இப்படிப் பளபளங்குது?”

“துடைச்சேன்.”

“முப்பத்தாறு வருஷத்துல முதல் தடவையா?”

அடுப்பின் கம்பித் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு கரி வளையம். தொட்டால் விரல் ஒட்டியது. பீருக்குக் காய்ச்சும் இனிப்பான மால்ட் சாறு.

“பொங்கிடுச்சு,” என்றான்.

அதுதான் அவளுக்கு உறைத்தது. டெஸ்ஸின் பானை இதுவரை பொங்கியதில்லை. கொதி வரும் நேரத்தில் அவனுடைய ஒரு கை கேஸ் திருகில் இருக்கும், மறு கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். நுரை விளிம்புக்கு ஏறினால் தீயைத் தணித்து இரண்டு தெளிப்பு. கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவைக்கூடச் சிட்டிகை சிட்டிகையாகத்தான் போடுவான். மொத்தமாகப் போட்டால் சீறி எழுந்துவிடும். நுரை அடங்கும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான்.

“பேத்தி பொறந்துட்டான்னு மாப்பிள்ளை ஃபோன் பண்ணப்போ, பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுன்னவன் நீ. கோழிக் கொட்டகை தீப்பிடிச்சப்போ தண்ணி ஊத்தினது நான். இன்னிக்கு உன்ன அடுப்ப விட்டு நகத்தினது யாரு?”

“யாரும் இல்ல.”

“பக்கத்து வீட்டு மார்லீனா?”

“மார்லீன் வந்தா அவ முட்டி வலியப் பத்தித்தான் பேசுவா. அதுக்காக நான் பானைய விட்டுட்டுப் போவேனா?”

“அப்ப வந்திருக்கா.”

“நேத்து. கேக் கொடுத்துட்டு வாசலோட போயிட்டா.”

அவன் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன்.

“பெரில் எப்படி இருக்கா?” என்று கேட்டான்.

“நல்லா இருக்கா.”

“ஆடு குட்டி போட்டுச்சா?”

“ரெண்டு. இப்ப எதுக்கு ஆட்டப் பத்தி?”

“சும்மாதான்.”

“சொல்லிடு டெஸ். வேற பொம்பளைன்னா, நான் பைய இன்னும் கீழ வைக்கல. இப்படியே திரும்பிப் போயிடறேன்.”

அவள் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். டெஸ் வந்து வலது தோளில் தொங்கிய பையை வாங்கினான். முட்டை இருக்கிற பையைப் போல மெதுவாகத் தரையில் வைத்தான்.

“ஃபோன் வந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடச் சொல்லத்தான் எடுத்தேன்.”

“யாரு? பொம்பளையா?”

“பொம்பளைதான்.”

கோரல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹோபார்ட் ஆஸ்பத்திரி நர்ஸ். காலைல கிளம்பின அவசரத்துல உன் கண்ணாடியக் கட்டில் பக்கத்துலயே விட்டுட்டு வந்துட்டியாம்,” என்றான் டெஸ். இப்போது அவளை நேராகப் பார்த்தான். “ரெண்டு ராத்திரி அங்க உனக்கு என்ன பண்ணாங்க, கோரல்?”