கடைமுட்டைக் குஞ்சுகள்

கோழி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

தகரக் கொட்டகை வெயிலில் முனகுகிறது. கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது. இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அடியில் இருப்பதை மட்டும் விடுவதாக இல்லை.

அவன் சாக்கை நனைத்து வாசலில் தொங்கவிடுகிறான்.

குழாயில் முதலில் வரும் தண்ணீரில் டீத்தூள் போடலாம். அதை மணலில் ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகுதான் கோழிக்கு. மிச்சம் வெண்டைக்கு. தக்காளி போன மாதமே விடைபெற்றுக்கொண்டது.

கோழிக்கு அடியில் இருப்பவை கடைமுட்டைகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் தேதி.

செல்வக்கனி அண்ணாச்சிக்கு ஷார்ஜாவில் சூப்பர்மார்க்கெட். ஊருக்கு வெளியே, மணலுக்கு நடுவே இந்தத் தோட்டம். தோட்டத்துக்கு ஆள் இவன் ஒருவன். பட்டம் அண்ணாச்சிக்கு: பாலைவனப் பசுமைச் செம்மல்.

பட்டம் கொடுக்க வந்த தமிழ்ச் சங்கத்தாருக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தார்கள். பாலைவனத்தின் பசுமையைப் புகழ்ந்துகொண்டே எலும்பைக் கடித்தார்கள். தோட்டத்தில் இருந்த ஒரே சேவல் அது.

பிறகு வெயில் ஏறியது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. இது ஒன்று மட்டும் வெறும் கூடையில் போய் அடை உட்கார்ந்தது.

அண்ணாச்சி தன் கடையிலிருந்து ஒரு அட்டை முட்டை கொண்டுவந்து வைத்தார். மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை குஞ்சு பார்க்க வாருங்கள் என்று சங்கத்துக்கும் சொல்லிவிட்டார்.

“சேவல் சேராத முட்டை பொரிக்காது அண்ணாச்சி.”

“முட்டைன்னா முட்டைதாம்ல. அதுக்கு வேண்டியது சூடு. இங்க சூட்டுக்கா பஞ்சம்?”

அவன் முட்டைகளைக் கூடையில் அடுக்கினான்.

“குஞ்சு பொரிக்கட்டும். அன்னைக்கே ஒனக்கு ஊருக்கு டிக்கெட் போடுதேன். போய் பிள்ளையப் பாத்துட்டு வா.”

பிள்ளை பிறந்தபோது லீவு இல்லை. இப்போது நடக்கிறாள். அப்பா எங்கே என்று கேட்டால் போனைத் தொட்டுக் காட்டுகிறாள்.

எனவே அவன் சாக்கை நனைத்தான். பொரிக்காது என்று தெரிந்த முட்டைக்கு, காலையும் மத்தியானமும்.

நாளைக்கு வெள்ளி.

வெயில் சாய்ந்ததும் அவன் பக்கத்துத் தோட்டத்துக்கு நடக்கிறான். அங்கே வேலை பார்க்கும் பட்டாணியர் குல்சமானிடம் நாட்டுக் கோழியும் இருக்கிறது, சேவலும் இருக்கிறது, நேற்றுப் பொரித்த குஞ்சும் இருக்கிறது. குல்சமான் கதையைக் கேட்டு, தாடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் அவனுடைய மேசை விசிறியைக் கேட்கிறார்.

இந்த ஊரில், இந்த மாதத்தில், விசிறி.

அவன் கொடுத்துவிடுகிறான். ஊருக்குப் போகிறவனுக்கு விசிறி எதற்கு?

இருட்டுவதற்குள் கடைமுட்டைகளை எடுத்து உடைக்கிறான். நாற்றம் தாங்கவில்லை. உள்ளே இருந்ததைப் புதைத்து, ஓடுகளைக் கழுவிக் கூடையில் பரப்புகிறான். குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றுக்கடியில் தள்ளுகிறான்.

கோழி ஒரு கணம் தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. பிறகு இறக்கையை விரித்து மூடிக்கொள்கிறது.

அது கணக்குக் கேட்கவில்லை.

காலையில் அவன் சலவைச் சட்டை போட்டுக்கொள்கிறான்.

சங்கத்தார் வருகிறார்கள். கோழி எழுகிறது. பின்னாலேயே கறுப்பும் செம்பழுப்புமாகக் குஞ்சுகள். எல்லோரும் போனைத் தூக்குகிறார்கள். செயலாளர் குனிந்து ஒரு முட்டை ஓட்டை எடுக்கிறார். திருப்பிப் பார்க்கிறார். சிவப்பு மையில் தேதி.

அவன் கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளுகிறான்.

“அண்ணாச்சி, இது கடைமுட்டைல்லா?”

அண்ணாச்சி அந்த ஓட்டை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடிக்கிறார்.

“ஆமா. நம்ம கடை முட்டைதான். அதுக்கே உசுர் குடுத்திருக்கோம்.”

கைதட்டல். குஞ்சுகள் மிரண்டு கோழிக்கு அடியில் ஓடுகின்றன.

கார்கள் கிளம்புகிற நேரத்தில் அவன் அண்ணாச்சியின் அருகே போய் நிற்கிறான்.

“அண்ணாச்சி, அந்த டிக்கெட்டு…”

அண்ணாச்சி அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறார். புரட்டிப் பார்க்கிறார். கண் கலங்கியிருக்கிறது. உண்மையிலேயே கலங்கியிருக்கிறது.

“இந்தக் கைய ஊருக்கு அனுப்பிட்டு நான் என்னல செய்வேன்? சங்கத் தலைவர் அடுத்த மாசம் குடும்பத்தோட வாராரு. இன்னும் ஒரே ஒரு தடவ பொரிச்சுக் காட்டிட்டுப் போ.”

காரின் பின்கதவைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டுகிறார். இந்தத் தடவை பெரிய அட்டை.

கார் போன புழுதி அடங்குகிறது.

அவன் அட்டையோடு நிற்கிறான். சலவைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டகையில் இன்னொரு கோழி, வெறும் கூடையில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துச் சேவல் கூவுகிறது.

குல்சமான் இந்தத் தடவை என்ன கேட்பாரோ.

அறையில் மிச்சம் ஒரு கட்டில். ஒரு போன்.