ஜாஸ்லின் நிரப்பிய மாங்காய்

"ஒரு மாங்காய்க்கு நாற்பது ரூபாய்" என்றேன். ரவிக்கைக் கையில் மெஷின் எம்பிராய்டரியாகப் போடுகிற மாங்காய்.

"காய்கறி வாங்குற காந்தி மார்க்கெட்னு நெனச்சு வந்துட்டீங்களா?" என்றார் தஸ்லிமா அக்கா. தில்லை நகரில் ஒரு மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறவர்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். முப்பது ரவிக்கை ஒத்துக்கொண்டிருந்தேன். பெரிய கடைவீதியில் என் கடைக்கு எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்த பெண் திருப்பூருக்குப் போய்விட்டாள்.

மாங்காய் யாருக்கு ஒழுங்காக வருகிறதோ அவருக்கு வேலை என்று பேச்சு.

மெஷினின் பாதத்தைக் கழற்றிப் பல்லை இறக்கிவிட்டால் துணியைத் தள்ள எதுவும் இல்லை. துணி மாட்டிய வளையத்தை நாமே வலமும் இடமுமாக விடாமல் ஆட்ட வேண்டும். ஊசியின் வேகத்துக்கு ஈடாக ஆட்டினால் கோட்டுக்குள் நூல் நிரம்பும்.

வகுப்பில் இருந்த எல்லாரும் ஆட்டினார்கள். ஒருவருக்கு ஊசி உடைந்தது. இன்னொருவருடைய மாங்காயை அணில் கடித்திருந்தது.

தஸ்லிமா அக்கா குரலைத் தாழ்த்தினார். "கடைசி மெஷின்ல இருக்காங்களே, ஜாஸ்லின். மூணு மாசமா ஒரு நேர்கோடு வரல. இதுவும் வரலைன்னா நாளைலேர்ந்து வரமாட்டேன்னுட்டாங்க. மறுபடி வீட்டுக்குள்ளயே போய் உக்காந்துட்டா, மனுஷி அவ்ளோதான்."

பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் தைத்துப் பழகிய துணியில் கோடு வெள்ளத்துக் கொள்ளிடம் மாதிரி கரை பார்க்காமல் போயிருந்தது. நமக்கு ஆகாத ஆள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவருடைய மோட்டார் ஓடியது.

மற்ற மெஷின்கள் திக்கித் திக்கி ஓடியவை. இது ஒரே மூச்சாக ஓடியது. அந்தச் சத்தம்தான் என்னைத் திருப்பியது.

காம்பில் தொடங்கிய சிவப்பு நூல் இழையோடு இழை ஒட்டிப் படிந்துகொண்டே போனது. நடுவே ஒரு மயிரிழை வெள்ளைத் துணிகூடத் தெரியவில்லை. விளிம்பில் ஓரிரு இடத்தில் மட்டும் நூல் கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அவர் வளையத்தை மெல்ல நகர்த்தினார், அவ்வளவுதான். சூடான சோற்றில் நெய் இறங்குவது போல மாங்காய் நிறைந்தது.

பிடித்த பொருளை முகத்தில் காட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"எத்தனை வருஷப் பழக்கம்மா இது?"

ஜாஸ்லின் கைகளை மடியில் வைத்துத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

டீ வந்தது. எல்லாரும் எடுத்தார்கள். அவர் எடுக்கவில்லை.

பேரத்தின் நடுவே டீயைத் தொடாதவர் விலையை ஏற்றப் போகிறார். எங்கள் கடைவீதியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"சரி, அறுபது" என்றேன் நானாகவே.

"டீ புடிக்காம இல்லைங்க" என்றார் ஜாஸ்லின். "டம்ளரத் தூக்கினா மேலெல்லாம் கொட்டிக்குவேன். இருபது வருஷம் நர்ஸா இருந்தவ நான். ஊசி போடப் போனா நரம்புகிட்ட கை நிக்கல. ஒருத்தருக்கு ஏதாவது ஆயிடக் கூடாதேன்னு நானே வேலைய விட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "அப்புறம் எப்படிங்க, இவ்ளோ சீரா ஆட்டுனீங்க?"

"ஆட்டினது நான் இல்லைங்க. எனக்கு நிறுத்தத்தான் தெரியாது."

தஸ்லிமா அக்கா அடுத்த துணியை வளையத்தில் இறுக்கி அவர் முன்னால் வைத்தார். ஜாஸ்லின் தலைப்பை விலக்கி இரண்டு கைகளையும் எடுத்து அதன் மேல் வைத்தார்.

கால் இன்னும் மோட்டாரை மிதிக்கவில்லை. வளையத்துக்குள் பென்சிலால் வரைந்திருந்த மாங்காய் அதற்குள் அசையத் தொடங்கியிருந்தது.