போர்வை வாங்குகிறவர்

பஞ்சு வாங்கினால் துணிக்குக் காசு தேறாது. துணி வாங்கினால் பஞ்சுக்கு இல்லை. கோமளம் மனதுக்குள் கணக்குப் போட்டபடியே துண்டுத் துணிகளை நிறம் சேர்த்து அடுக்கினாள். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது அவளுடைய ஆசை. ஒன்று விற்ற பணத்தில்தான் அடுத்ததற்குத் துணி; வீட்டுச் செலவில் கைவைப்பதில்லை.

"பின்னே, வெலையில ஐந்நூறு ரூவா கூட்டிப் போடு," என்றார் கணவர் குற்றாலலிங்கம். ஆபீசுக்குக் கொண்டுபோய் விற்றுத் தருகிறவர் அவர்தான்.

"அம்புட்டுக்கு யாரு வாங்குவா?"

"உன் கைவேலைக்கு அங்க அடிபிடியாக்கும். அடுத்ததுக்கு இப்பமே ஆளு ரெடி, கேட்டியா?"

கோமளம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நேற்றுக் கரமனையில், நாத்தனார் வீட்டுப் பரணில் உருளிப் பாத்திரம் எடுக்க அவள் ஏறியபோது, இதுவரை விற்ற அத்தனை போர்வைகளும் இவருடைய பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன.

"வேண்டாங்க, பழைய வெலையே இருக்கட்டும்," என்றாள் மெதுவாக. "வாங்குகவருக்குச் சட்டைக் காலரெல்லாம் நைஞ்சு போச்சு. முதல்ல அவரு நல்லதா ஒரு சட்டை எடுக்கட்டும்."