அஞ்சே முக்கால்

“உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. மூச்சு முட்டுது.”

திரையில் அந்த வரியைப் பார்த்ததும் காளீஸ்வரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அனுப்பியவள் குடோனைக் கவனிக்கும் இசக்கிச்செல்வி. வரிக்குப் பக்கத்தில் நேரம், காலை 5:45. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது.

ஐயோ, ஐந்தரை மணி நேரம்!

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ், நெருப்புக்குப் பயந்த இடம். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் ஆபீஸ், குடோன் கம்ப்யூட்டர்களிலேயே பேசிக்கொள்ள ஒரு சாட் வேண்டும் என்றார் முதலாளி.

நேற்றுச் சாயங்காலம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் காளீஸ்வரிதான் அதை டாக்கர் கன்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டியில் ஏற்றி ஓடவிட்டாள். எவனோ வெள்ளைக்காரன் இணையத்தில் எழுதி வைத்ததில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை என்று பெருமை வேறு. இன்று வந்ததும் திரையைப் பார்க்காமல் கேபிள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள், பாவி.

விடியக்காலம் லோடு ஏற்ற வருவேன் என்று இசக்கி சொல்லியிருந்தாளே! அவளுக்கு வீசிங் வேறு. அவள் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

விழுந்தடித்துக் கேட்டுக்கு ஓடினாள். வாட்ச்மேன் சுடலைமணி அப்போதுதான் டீயை வாயில் வைத்தார்.

“அண்ணாச்சி, குடோன் சாவி! இசக்கி உள்ள கிடக்கா!”

“உள்ளயா? யாரும் இல்லன்னுல்லா பூட்டினேன்! தாயீ, நான் சொல்லுததக் கேளு…”

“கேக்க நேரமில்ல அண்ணாச்சி!”

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கொளுத்துகிற வெயிலில் தகரக் கூரை தகித்தது. அவசரத்தில் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

“ஏட்டி இசக்கி! இசக்கீ!”

உள்ளிருந்து சத்தமே இல்லை. செண்பகவல்லித் தாயே, உசிரோட குடுத்துரு என்று அழுதபடி கதவைத் தள்ளினாள்.

கடைசி மூலையில் பண்டல்கள் மேல் சாய்ந்து, கண்மூடிக் கிடந்தாள் இசக்கிச்செல்வி.

காளீஸ்வரி அவள் மேல் விழுந்து கதறினாள். “அஞ்சே முக்கால்லேருந்து கிடக்காளே! ஒரு நாதி பாக்கலியே!”

இசக்கிச்செல்வி ஒரு கண்ணைத் திறந்தாள். கையிலிருந்த இன்ஹேலரை இன்னொரு முறை உறிஞ்சிவிட்டு அவளை விலக்கினாள்.

“எந்திரிட்டி. மெசேஜ் போட்டு அஞ்சு நிமிசம்தானே ஆவுது, ஒன் சாட்டு எந்த வெள்ளைக்கார ஊரு மணியக் காட்டுது?”