போதகரின் சாட்சியம்

“நீங்க எந்தப் பொண்ணுகிட்டயாவது, புருஷனை விட்டுப் போயிடுன்னு சொன்னதுண்டா?”

கேட்டவர் நாடாளுமன்றக் குழு உறுப்பினரான வக்கீலம்மா. பதில் சொல்ல வேண்டியவர் போதகர்.

சுருக்கெழுத்தாளர் கேள்வியை எழுதி முடித்தாள். பேனா முனையைத் தாளில் வைத்துப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

போதகர் எதிரே இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து உறுப்பினர்கள். இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலியில் போதகர். ஓரத்தில், மைக் கம்பிகள் காலில் சிக்காமல் இழுத்துப் போட்ட சின்ன மேசையில் அவள். விவாகரத்துக்கு இதுவரை இடமே தராத அந்த நாட்டுச் சட்டத்தில் முதல்முறையாக அதற்கு இடம் தரும் மசோதா வந்திருந்தது. மூன்று நாட்களாகக் குழு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

எழுதுகிற கைக்குக் கட்சி கிடையாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கைக்கு இல்லைதான். மண்டைக்குள் மூன்று நாட்களாக ஒரே அடிதடி.

முதல் நாள் ஒரு பேராசிரியர் வந்தார். “உங்க நம்பிக்கை உங்களுக்கு. அதை ஏன் எல்லார் தலையிலயும் கட்டுறீங்க?” என்றார். சரிதானே என்று அவளுக்குப் பட்டது.

இன்று போதகர் அரைமணி நேரம், குரலை உயர்த்தாமல் பேசினார். சட்டமும் ஒருவகையில் போதனைதான் என்றார். வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் முதல் சண்டையிலேயே செருப்பை மாட்டிக்கொள்வார்கள் என்றார். கடவுள் முன்னால் கொடுத்த வாக்கை ஓர் அரசாங்க முத்திரை அழித்துவிடக் கூடாது என்றார்.

அதுவும் சரியென்றே பட்டது. அவளும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள்.

போதகர் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். குடிக்கவில்லை.

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றது அவள் மனசு. அடுத்த நொடியே, அப்படிச் சொல்லிவிடாதீர்கள் என்றது.

ஏனென்றால் அவர் சொன்னதுண்டு. அவளிடம்தான் சொன்னார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு மத்தியானம். வீட்டுக்குள்ளே வந்தவர் அவளுடைய வீங்கிய தாடையைப் பார்த்தார். அது முதல் தடவை இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஜெபம் பண்ணலாம் என்பார் என்று நினைத்து அவள் தலையை மூடிக்கொண்டாள். அவர் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினார். பேருந்து நிலையம்வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார்.

“போம்மா. திரும்பி வந்துடாதே. கடவுளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

போனாள். திரும்பவில்லை. சுருக்கெழுத்துக் கற்றாள், அரசு வேலைக்கு வந்தாள். படிவங்களில் இன்றுவரை ‘திருமணமானவர்’ என்ற கட்டத்தில்தான் குறி போடுகிறாள்.

மொழிபெயர்ப்புப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். மனைவியை இழந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளிடம் கேட்டார். சட்டம் இடம் தராது என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் தினமும் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து அவளுக்கு எதிரே உட்காருவதை மட்டும் நிறுத்தவில்லை.

தடுத்தது சட்டமா, கடவுளா, இல்லை வெறும் பயமா என்று அவளுக்கே தெரியாது. சட்டம் இப்படியே இருக்கும்வரை தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

மசோதா வந்து அந்த நிம்மதியையும் கெடுத்தது.

“கேள்வி புரிஞ்சுதா?” என்றார் வக்கீலம்மா.

“புரிஞ்சுதும்மா.” போதகர் நிமிர்ந்தார். அவர் பார்வை வக்கீலம்மாவைத் தாண்டி ஓரத்து மேசைக்கு வந்து நின்றது. உள்ளே வந்தபோதே அடையாளம் கண்டுகொண்டாரா, இப்போதுதானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“ஒரு தடவை சொல்லியிருக்கேன்.”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் எழுதினாள்.

“அப்ப இந்த மசோதாவை ஆதரிக்கிறீங்க?”

“இல்லை.”

ஓர் உறுப்பினர் சிரித்துவிட்டார். “ரெண்டும் எப்படிங்க சரியாகும்?”

“எனக்கும் தெரியலை. பத்தொன்பது வருஷமா யோசிச்சிட்டுதான் இருக்கேன்.”

வக்கீலம்மா விடவில்லை. பெண்ணை அனுப்புவதற்கு முன்னால் அந்தப் புருஷனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருக்கலாமே என்றார்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

“சொன்னேன். நான் பெத்த பிள்ளைதான். கேக்கலை.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மெதுவாக நன்றி சொல்லி அமர்வை முடித்தார். அவள் அதையும் எழுதினாள்.

சாட்சி சொல்ல வந்தவர்கள் போகும்முன் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வந்து அவள் மேசை முன்னால் நின்றார். கிழடு தட்டியிருந்தது.

மற்ற சாட்சிகளையெல்லாம் அவள் ஐயா என்றுதான் கூப்பிட்டாள். இவரையும் அப்படியே கூப்பிட்டுவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மசோதா நிறைவேறி, அவளும் மனுப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் அப்படித்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, விரலால் இடத்தைக் காட்டினாள்.

“இங்க ஒரு கையெழுத்து, மாமா.”