நகராத பல்

"இருபத்தி மூணாம் நம்பர் யாரும்மா? எனக்கு இப்பவே தெரியணும்."

அளப்பவர் கேட்ட வேகத்தில், அச்செடுக்கும் பெண் கழுவிக்கொண்டிருந்த கிண்ணம் தொட்டிக்குள் விழுந்து உருண்டது.

"அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதே சார். நீங்க போட்ட சட்டம்தானே?"

சட்டம் அவர் போட்டதுதான். கோணல் பல்லைக் கம்பி போட்டு வரிசையாக்குகிறார்களே, அந்தக் கம்பியைக் கழற்றிய பிறகு பற்கள் எவ்வளவு தூரம் பழைய இடத்துக்கே திரும்பிப் போகின்றன என்று பார்ப்பதுதான் அந்தப் பல் மருத்துவமனையின் ஆராய்ச்சி. வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் வந்து, குழைத்த மாவைக் கடித்துப் பல் அச்சு கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, எண்ணை மட்டும் எழுதி, இவர் மேசையில் கொண்டுவந்து வைப்பாள். கம்பி போட்டவர்கள், ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பியே போடாத ஊழியர்கள் சிலர் என்று எல்லோர் பல்லும் கலந்துதான் வரும். யாருடையது என்று தெரிந்துவிட்டால் அளக்கிற கை கொஞ்சம் சாயும் என்பது அவர் கட்சி.

அவருக்கு அங்கே 'மில்லிமீட்டர்' என்று பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர். அவர் வந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, வணக்கம் சொல்வதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் கூச்சநாச்சமில்லாமல் இவர் நாற்காலியிலேயே பையை வைத்துவிட்டுப் போகிறார். கறாரான ஆளைக் கண்டால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று இவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேச்சுத் துணைக்கு இந்தப் பெண் ஒருத்திதான். அவளும் ஏமாற்றிவிட்டாளே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இங்க வந்து பாரு." நான்கு வருடத்து அச்சுகளையும் வரிசையாக வைத்தார். "கோரைப்பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவுல முதல் வருஷம் ஒண்ணு புள்ளி நாலு. ரெண்டாவது வருஷம் ஒண்ணு புள்ளி நாலு. மூணாவது வருஷமும் அதேதான். இதோ, இந்த வருஷமும்!"

"நகரலைன்னா நல்லதுதானே சார்?"

"யார்கிட்ட காது குத்துறே? உயிருள்ள வாயில பல்லு சும்மா நிக்குமா? மெல்லுது, கடிக்குது, தூக்கத்துல நறநறங்குது. கம்பி போட்டாலும் போடாட்டியும் நாளாக ஆக ஒரு மயிரிழையாவது நகர்ந்தே தீரும். கொஞ்சம்கூட நகராத பல்லு பிணத்து வாயிலதான் இருக்கும்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்!"

அவள் போட்ட சத்தத்தில் அவரே ஒரு அடி பின்வாங்கினார். பிறகு சமாளித்துக்கொண்டார்.

"அப்போ உண்மையை ஒத்துக்கோ. அந்த ஆள் வரவே இல்லை. முதல் வருஷ அச்சையே நகல் எடுத்து எடுத்து வெச்சிருக்கே. சரிதானே?"

"சத்தியமா இல்லை சார். வருஷா வருஷம் புதுசாத்தான் எடுக்கறேன். அவங்களா வந்து நாற்காலியில சாஞ்சுக்குவாங்க. வாயைத் திறப்பாங்க. உள்ள கையை விட்டா..." அவள் நிறுத்தினாள்.

"விட்டா?"

"சில்லுனு இருக்கும். மூச்சு படாது."

வெளியே நல்ல வெயில். ஆனாலும் அவருக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது.

"கதை விடாதே. ஃபோன் நம்பரைக் கொடு, நானே கேட்டுடறேன்."

"யாரும் எடுக்க மாட்டாங்க."

"வீடு எங்க இருக்கு?"

"வீட்டைக் காலி பண்ணியாச்சு சார். மூணு வருஷமாச்சு."

"ஆனா ஆள் மட்டும் வர்றாங்களாக்கும்!"

"வர்றாங்க சார். இந்த இருபத்தி மூணை மட்டும் விட்டுடுங்களேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவர் ஒரு காகிதத்தை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். புகார் பெரிய டாக்டர் மேசைக்குப் போனால் இன்றோடு இவள் வேலை போய்விடும். பொய் அச்சு எடுத்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால் வேறெந்தப் பல் மருத்துவமனையும் வாசல்படி ஏற்றாது. கூடப்பிறந்த தங்கை மாதிரி நினைத்திருந்த பெண். ஆனாலும் எழுதினார். அளவு என்றால் அளவுதான்.

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். வேலை போகப் போகிறவள் அழுவது போல இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு அழுதாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. "சரி, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையா பதில் சொல்லு. இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். இதுல தவறினது யாரு? நீயா, நானா?"

"நீங்கதான் சார்."

அவருக்குச் சுருக்கென்றது. "நானா? முப்பது வருஷமா இந்தக் கை ஒரு தடவைகூடத் தவறினது கிடையாது, தெரியுமா?"

"கை தவறல சார்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல் அச்சு கொடுத்த மறுநாளே நீங்க தவறிட்டீங்க. இது உங்க பல்லு சார். வருஷா வருஷம் நீங்களா வந்து வாயைத் திறந்துக்கிட்டு உட்காருறீங்க, இனிமே வராதீங்கன்னு சொல்ல எனக்குத்தான் மனசு வரல."